ஷேர் ஆட்டோவில் வளர்ந்த பாக்டீரியா

எம்.எஸ்ஸி. கடைசி வருடம். கொரட்டூர் ஏரித் தண்ணீரிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பாக்டீரியா எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் எனக்கும் என் தோழிக்கும் கொடுத்த புராஜெக்ட். சத்துநீர் ஊற்றிய குடுவையில் அதை விட்டு, விடாமல் குலுக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே காற்று கலக்கும். அவ்வப்போது கொஞ்சம் எடுத்து, எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று அளக்க வேண்டும். கலங்கல் ஏறினால் கூட்டம் பெருகுகிறது என்று அர்த்தம்.

சோதனை தொடங்குகிற அன்று பார்த்து, குலுக்குகிற மெஷின் படுத்துவிட்டது. கையால் குலுக்கினோம். தோள்பட்டை கழன்றுவிடும்போலிருந்தது.

"நம்ம ஆவடி ரோட்ட விட நல்ல ஷேக்கர் எங்கடி இருக்கு?" என்றாள் தோழி.

ஒரு குடுவையை அசையாமல் மேஜையில் வைத்துவிட்டு அவள் காவலிருந்தாள். பஞ்சு அடைத்த இன்னொன்றை மடியில் வைத்துக்கொண்டு நான் ஷேர் ஆட்டோ ஏறினேன்.

"இன்னாமா அது, மோரா?" என்றார் ஓட்டுநர்.

"ஏரியில எடுத்த கிருமிண்ணா. நல்லா குலுங்கினாதான் வளரும்."

பக்கத்திலிருந்தவர் தன் டிபன் பையைத் தூக்கிக்கொண்டு முன்சீட்டுக்கு மாறினார்.

ஓட்டுநருக்கு ஏக குஷி. "அல்லாரும் குலுங்குதுன்னு என்னாண்ட சண்டைக்கு வருவாங்கோ. நீ குலுங்கணும்ன்ற. கெட்டியா புட்சிக்கோ!"

அதன்பிறகு அவர் ஒரு பள்ளத்தையும் விடவில்லை.

"யோவ், ஆட்டோ ஓட்றியா, மாவாட்டுறியா?" என்று பின்னாலிருந்து ஓர் அம்மா கத்தினார். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஒவ்வொரு நடையும் கல்லூரி வாசலில் முடியும். உள்ளே ஓடி அளந்துவிட்டு, மறுபடி ஏறுவேன். சாயங்காலம் மேஜைக் குடுவை லேசாகத்தான் மங்கியிருந்தது. என்னுடையதோ கஞ்சித்தண்ணி. வரைபடத்தில் கோடு விறுவிறுவென்று ஏறியது.

புராஜெக்ட் கொடுத்த மேடம் பார்த்துவிட்டு, "பிரமாதமா வந்திருக்கே! மெஷின்தான் ரிப்பேராச்சே, எங்க குலுக்கினீங்க?" என்றார்.

தோழி தரையைப் பார்த்தாள். "ஆவடி ரோட்டுல மேடம்" என்றேன்.

கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். தொலைந்தோம் என்று நினைத்தேன். ஆனால் அவர் தோள்கள் குலுங்கின.

"இன்னொருத்தர் இதையே செஞ்சா இதே ரிசல்ட் வருமா?"

"ரோடு போட்டுட்டா வராது மேடம்."

சிரித்துக்கொண்டே வரைபடத்தின் குறுக்கே கோடு போட்டார்.

மெஷின் சரியானதும் முதலிலிருந்து செய்தோம். அது பகல் முழுக்க ஒரே சீராக ஆடியது. பார்த்துக்கொண்டே நாங்கள் இருவரும் தூங்கி, ஒரு அளவை எடுக்காமல் கோட்டைவிட்டோம்.