ஓடைக்கரை ஏறாத தண்ணீர்

நிலக்கோட்டைப் பக்கம் யார் டிராக்டர் வாங்கினாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: எத்தனை ஹெச்.பி.? மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்கிற தோரணையில்தான் கேட்பார்கள். சக்கரத்தைத் திருப்புகிற விசை, அதாவது டார்க், எவ்வளவு என்று கேட்ட ஒரு மனிதரைக் காட்டுங்கள் பார்ப்போம். சடையாண்டியும் கேட்கவில்லை.

மல்லிகை வரிசைக்குள் புகுந்து உழ அவருக்குக் குட்டி டிராக்டர்தான் தோது. திண்டுக்கல் ஷோரூமில் இரண்டு நின்றன. ஒன்றில் ஹெச்.பி. குறைவு. ஆனால் வண்டி கனம், எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதே இழுவை இருக்கும். மற்றதில் ஹெச்.பி. கூடுதல். எஞ்சின் வேகமாகச் சுற்றினால்தான் அது கைக்கு வரும். விற்பனையைக் கவனித்த சுகன்யா முதல் வண்டியைத்தான் காட்டினாள்.

"பாரம் இழுக்கணும்னா இது எடுங்கண்ணே."

"எம் பங்காளி வச்சிருக்கிறதவிடக் கொறஞ்சத ஓட்டிக்கிட்டு ஊருக்குள்ள எப்பிடித்தான் போறது?" என்றார் சடையாண்டி.

பங்காளி ரோஷம் எத்தனை பேரைக் குப்புறத் தள்ளியிருக்கிறது! இவரை மட்டும் விட்டுவிடுமா என்ன. பெரிய எண் போட்ட வண்டிக்கு மாலை போட்டு ஓட்டிவந்தார். தார்ரோட்டில் அது பறந்தது. தோட்டத்தில் உழவும் குறை வைக்கவில்லை. மனுசன் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தார்.

இந்தக் கோடையில் தோட்டத்துப் போர்வெல் வற்றியது. பிழைப்பே அந்த மல்லிகைதான். இலை சுருண்டு, வைத்த அரும்பெல்லாம் கருக ஆரம்பித்தது. ஓடைக்கு அந்தப்பக்கம் நல்லுசாமி கிணற்றில் மட்டும் தண்ணீர் கிடந்தது. இரக்கப்பட்டு, ஒரு டேங்க் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அதற்கு மேல் அவரிடமும் இல்லை.

டேங்கை நிரப்பி டிரெய்லரில் இழுத்துக்கொண்டு சடையாண்டி வறண்ட ஓடையில் இறங்கினார். எதிர்க்கரை மேட்டில் தோட்டம் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. மனைவி நாகஜோதி ஹோஸைப் பிடித்தபடி காத்து நின்றாள். வேகமாக வந்து ஏறினார். பாதி மேட்டில் எஞ்சின் திணறி நின்றது. பின்வாங்கி, கீழ்க் கியர் போட்டுப் பார்த்தார். முன்சக்கரம் தூக்கியது, பின்சக்கரம் மண்ணைத் தோண்டியது. வேறு வண்டி தேடினால், இருந்தவையெல்லாம் வெளியூர் நெல் அறுப்புக்குப் போயிருந்தன.

சுகன்யாவுக்குப் போன் போட்டார். "இம்புட்டு ஹெச்.பி. இருந்தும் ஏறமாட்டேங்குதே தாயி."

"ஹெச்.பி. வேகத்துல வர்றதுண்ணே. பாரம் அமுக்கி எஞ்சின் வேகம் எறங்குனா அதுவும் எறங்கிரும். அப்ப தாங்குறது டார்க்குதான், அது இதுல கம்மி. கீழ்க் கியர் போட்டாலும் சக்கரம் தரையப் பிடிக்க வண்டிக்குக் கனம் இல்ல. பாரத்தக் கொறைங்கண்ணே. வேற வழி இல்ல."

பாரம் என்றால் தண்ணீர். யாரைத் திட்டுவது? வால்வைத் திறந்தார். ஓடை மணல் சத்தமில்லாமல் குடித்தது. மூடிவிட்டு ஏற்றினார், ஏறவில்லை. மறுபடி திறந்தார். மேலே நின்ற நாகஜோதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்றாம் தடவையும் திறந்தார்.

அப்புறம் வண்டி சுளுவாக ஏறிவிட்டது.

நாகஜோதி டேங்கைத் தட்டிப் பார்த்தாள். அடியில் மட்டும்தான் தண்ணீர் இருந்தது.

"எம்புட்டுக்கு வரும்?" என்று கேட்டார் சடையாண்டி.

"ஒரு வரிசைக்கு வரும்," என்றாள் அவள். "எந்த வரிசைக்குன்னு நீங்களே சொல்லுங்க."