அது ஆவி இல்லை

என் கையெழுத்து கோழி கிளறினது போல இருக்கும். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்று இன்றைக்கும் தடுமாறுவேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. பிழைகளை மலர்க் குழுவினர் திருத்திக்கொள்ளுங்கள், என்னையும் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பகுதித் தமிழர்கள் போடும் ஆண்டு மலருக்கு ஆளுக்கொரு வேலை அனுபவம் கேட்டார்கள். மற்றவர்கள் எல்லாம் கம்ப்யூட்டர் வேலை. நான் படகு வேலை. நான்கு பேர் சேர்ந்து நின்றால் எனக்குப் பேச்சு வராது. அதனால் எழுதித் தருகிறேன்.

1. முதல் நாள்

கன்னியாகுமரிப் பக்கம் கடற்கரையில் பிறந்தவன் நான். கலிபோர்னியா ஃப்ரீமான்டில் நர்ஸாக இருக்கும் அக்கா மனுப் போட்டு, பல வருடம் கழித்து கிரீன் கார்டு வந்தது. முதலில் அங்கே மௌரி அவென்யூ மளிகைக் கடையில் அரிசி மூட்டை இறக்கினேன். பிறகு ஒரு படகுப் பட்டறையில் சேர்ந்தேன். பட்டறை முதலாளிக்குத் தெரிந்த ஒரு அம்மா ஹவாய் பெரிய தீவில் சுற்றுலாப் படகு வைத்திருந்தார். பெயர் கேப்டன் லானி. எரிமலைக் குழம்பு கடலில் விழுவதைப் பார்க்க ஆட்களை ஏற்றிப் போகும் படகு. டெக்ஹேண்ட் வேலைக்கு ஆள் வேண்டும் என்றதும் என்னை அனுப்பினார்கள். கயிறு கட்டுவது, எஞ்சினைக் கவனிப்பது, வாந்தியைக் கழுவுவது எல்லாம் டெக்ஹேண்ட் பாடு.

கடல் எனக்குப் பழக்கம், பயப்பட மாட்டேன் என்றுதான் போனேன். எங்கள் ஊரில் கரை கண்ணுக்குத் தெரிந்தால் பயம் போய்விடும். இங்கே கரை தெரிந்ததும்தான் பயம் வந்தது. கறுப்புப் பாறை விளிம்பிலிருந்து சிவப்பாகக் குழம்பு வழிந்து கடலில் விழுந்தது. காய்ச்சிய வெல்லப்பாகைக் கவிழ்த்தது போல மெதுவாகத்தான் விழுந்தது. ஆனால் விழுந்த இடத்தில் கடல் கத்தியது. திடீரென்று வெடித்து, எரிகிற கற்களை மேலே எறிந்தது. அதற்கு மேல் மலை உயரத்துக்கு வெள்ளையாக ஒரு மூட்டம் எழும்பி நின்றது. பார்க்க அழகுதான். பஞ்சு மாதிரி இருக்கும்.

நான் அதை வெறும் ஆவி என்று நினைத்தேன். படகின் ஓரத்தில் நின்றபோது பின்கழுத்தில் நாலைந்து துளி விழுந்தது. பச்சை மிளகாயை அரைத்துத் தேய்த்தது போல எரிந்தது. டெக்கைத் துடைத்தபோது உள்ளங்கையில் மெல்லிய கோடாக ரத்தம் வந்தது.

கேப்டன் பேசுவது இங்கிலீஷ். நான் புரிந்துகொண்ட மாதிரி எழுதுகிறேன். “அது ஸ்டீம் மட்டும் இல்லப்பா. இந்தப் புகைக்கு நாங்க லேஸ்னு பேர் சொல்லுவோம். சூடான குழம்பு உப்புத் தண்ணில விழுந்தா ஆசிட் வரும். கூடவே கண்ணாடித் தூளும் வரும். காத்து எந்தப் பக்கம்னு பாத்துக்கிட்டே இரு. மத்தத நான் பாத்துக்கறேன்.”

அன்றிலிருந்து நான் குழம்பைப் பார்த்ததில்லை. படகில் கட்டியிருந்த கொடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2. கேட்டியிலிருந்து வந்தவர்கள்

ஒரு நாள் மாலை டிரிப்பில் தமிழ்க் குடும்பம் ஒன்று ஏறியது. டெக்சாஸ் கேட்டியில் எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்க்கும் கார்த்திக், அவர் மனைவி, ஊரிலிருந்து வந்திருந்த அப்பா, அம்மா. பேச்சிலேயே பொள்ளாச்சிப் பக்கம் என்று தெரிந்தது. அம்மாவின் பெயர் சரஸ்வதி. கனமான சால்வை போர்த்தியிருந்தார். ஓயாமல் இருமினார்.

நான் தமிழன் என்று சொல்லவில்லை. சொன்னால் என்ன படிச்சிருக்கீங்க, எந்த விசா என்று வரிசையாகக் கேட்பார்கள். எனக்குக் கூச்சம். லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டுச் சும்மா இருந்தேன்.

“ஏனுங்க, இந்தத் தம்பி வாயே தொறக்க மாட்டேங்குது. ஊமைங்களா?” என்றார் அம்மா.

“மெக்சிகன் ஆளு. தொறந்தா மட்டும் உனக்கு வெளங்கிருமாக்கும்” என்றார் அவர் கணவர்.

“அப்பா, அவர் ஹவாயன்பா. மெதுவாப் பேசுங்க” என்றார் கார்த்திக்.

“எந்த ஊர்க்காரனா இருந்தா என்ன கண்ணு? மூஞ்சியப் பாத்தா நம்ம சந்தையில தேங்கா உரிக்கிறவராட்டவே இருக்குது” என்றார் அம்மா.

எனக்குச் சிரிப்பு வந்தது. திரும்பிக் கயிற்றை அவிழ்த்தேன்.

கேப்டன் எல்லோருக்கும் மாஸ்க் கொடுத்து, லேஸ் பற்றி, ஆசிட் பற்றி எப்போதும் சொல்வதைச் சொன்னார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பாதி காற்றில் போனது. எல்லோரும் தலையாட்டினார்கள்.

“என்ன சொல்லுது அந்த அம்மா?” என்று சரஸ்வதி அம்மா கேட்டார்.

“வெள்ளையா வர்றது ஸ்டீம், ஆவிம்மா. கிட்ட வந்தா மாஸ்க் போட்டுக்கணுமாம்” என்றார் கார்த்திக்.

“ஆவியா? நாலு நாளா நெஞ்சுல சளி கட்டிக் கெடக்குது. இங்க வந்து ஆவி பிடிச்சிருக்கலாமாட்ட இருக்குதே!”

நாலு பேரும் சிரித்தார்கள். நானும் வேடிக்கை என்றே எடுத்துக்கொண்டேன்.

3. ஸ்ட்ரெய்னர்

எங்களுக்கு அனுமதித்த தூரத்தில் படகு நின்றது. காற்று முதுகுப் பக்கமிருந்து வந்தது. வெள்ளை மூட்டம் எங்களை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தது. எல்லோரும் போன் எடுத்துப் படம் பிடித்தார்கள். அந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிட்டார்.

அப்போது கொடி தொங்கியது. காற்று விழுந்துவிட்டது.

கேப்டனும் பார்த்துவிட்டார். படகைத் திருப்பினார். அந்த நேரத்தில் வலது எஞ்சின் அலாரம் அடித்தது. எஞ்சினைக் குளிர வைப்பது கடல் தண்ணீர். அது உள்ளே வரும் வழியில் ஸ்ட்ரெய்னர் என்ற வடிகட்டி இருக்கும். குழம்பு விழும் இடத்தில் மேல் தண்ணீரே சூடாகிக் கிடக்கும், சின்னச் சின்ன நுரைக்கல்லும் மிதக்கும். கல் வடிகட்டியை அடைத்துவிட்டது. எஞ்சினை நிறுத்தித்தான் மூடியைத் திறக்க முடியும்.

“ஹேட்ச்!” என்று கேப்டன் கத்தினார். டெக்கில் உள்ள மூடியைத் தூக்கி எஞ்சின் குழிக்குள் இறங்கினேன். இடது எஞ்சினும் சூடாகிக்கொண்டிருந்ததால் அதை மெதுவாகத்தான் ஓட்ட முடிந்தது. படகு ஊர்ந்தது.

தண்ணீர் வால்வை அடைத்து, வடிகட்டி மூடியைக் கழற்றி, உள்ளே கல் அடைத்த சல்லடைக் கூடையை வெளியே எடுத்தேன். கை பொசுங்கியது. நிமிர்ந்தபோது கொடி எதிர்ப் பக்கம் அசைந்தது. வெள்ளை மூட்டம் தண்ணீர் மேல் படிந்து எங்களை நோக்கி உருண்டு வந்தது.

“மாஸ்க்! மாஸ்க்! தலையக் குனிங்க!” என்று கேப்டன் கத்தினார். சூரியன் மறைந்தது போல எல்லாம் வெளுத்துவிட்டது. தீக்குச்சி அணைந்த நாற்றம். பக்கத்தில் இருப்பவர் உருவம் மட்டும் தெரிந்தது. நான் வாயில் துணியைக் கட்டிக்கொண்டு கூடையை உதறினேன்.

பின் பக்கம் அந்த அம்மா தெரிந்தார். மாஸ்க் மடியில் கிடந்தது. சால்வையைத் தலைக்கு மேல் முக்காடு போட்டு, முழங்கையைப் படகின் விளிம்பில் ஊன்றி, குனிந்திருந்தார். கேப்டன் கண்ணுக்கு அது புகைக்கு முகத்தை மூடிக்கொண்டது மாதிரிதான் இருந்திருக்கும். அந்த அம்மாவின் கணவரே அப்படித்தான் நினைத்தார். ஆனால் அந்த அம்மாவின் முதுகு மெல்ல மேலே ஏறி, நின்று, இறங்கியது. மறுபடி ஏறியது. ஆழமாக இழுத்து, நெஞ்சில் நிறுத்தி, விட்டுக்கொண்டிருந்தார். வேடிக்கைக்குச் சொன்னவர் நிஜமாகவே ஆவி பிடித்துக்கொண்டிருந்தார்.

ஓடிப்போய்ச் சால்வையை இழுக்க வேண்டும். ஆனால் என் கையில் கூடை. ஸ்ட்ரெய்னர் திறந்து கிடக்கிறது. அதை மூடாமல் போனால் எஞ்சின் கிளம்பாது, எல்லோரும் இந்த மூட்டத்துக்குள்ளேயே கிடப்போம்.

“அம்மா! இழுக்காதீங்க! அது ஆவி இல்ல, ஆசிடாக்கும்!”

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. முக்காட்டுக்குள் இருந்தவருக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த கணவர் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினார்.

“அடங்கொப்புரானே! தமிழுங்களா நீங்க?”

“அத அப்புறம் கேளுங்க! சால்வைய எடுங்க! மூக்கப் பொத்துங்க!”

“எந்தச் சால்வை?”

“உங்க வீட்டம்மா, ஐயா! ஆவி பிடிக்காங்க!”

அவருக்குப் புரிந்தது. சால்வையைப் பிடுங்கினார். உள்ளே அந்த அம்மா முகம் சிவந்து, கண் திறக்க முடியாமல், வாயை மட்டும் திறந்து திறந்து மூடினார். மூச்சு உள்ளே போகவில்லை. தொண்டையில் விசில் மாதிரி ஒரு சத்தம். “அம்மா, அம்மா” என்று கார்த்திக் கத்துவது கேட்டது.

கூடையை உள்ளே வைத்தேன். மூடியின் மரை பிடிக்கவில்லை. யேசுவே என்று கழற்றி மறுபடி வைத்தேன். பிடித்தது. வால்வைத் திறந்து, “ஸ்டார்ட்!” என்றேன். எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. கேப்டன் முழு வேகத்தில் படகை ஆழ்கடல் பக்கம் விட்டார்.

மூட்டத்தை விட்டு வெளியே வந்ததும் ஆக்சிஜன் சிலிண்டரை எடுத்து அந்த அம்மாவுக்கு மாட்டினேன். நல்ல தண்ணீரால் கண்ணையும் முகத்தையும் கழுவினேன். படுக்க வைத்தால் மூச்சு இன்னும் திணறியது. அதனால் என் தோளில் சாய்த்து உட்கார வைத்தேன். உதடு நீலமாக இருந்தது. துறைமுகம் வரும் வரை என் சட்டையைப் பிடித்த பிடியை அவர் விடவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் அடுத்தது வருமா என்று காத்திருந்தேன். அந்தச் சிவப்புக் குழம்பைவிட எனக்கு அந்த இடைவெளிதான் பயம்.

கணவர் எதிரில் தரையில் உட்கார்ந்து, “சரசு, விட்ராத. விட்ராத சாமி” என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

4. பிறகு

கேப்டன் ரேடியோவில் சொல்லியிருந்ததால் ஆம்புலன்ஸ் தயாராக நின்றது. ஆஸ்பத்திரியில் சில நாள் மூச்சுக் குழாய் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார். கேட்டிக்குப் போன பிறகு கார்த்திக் போன் செய்தார்.

“அண்ணா, அம்மா பரவாயில்ல. மாடிப்படி ஏறினாதான் மூச்சு வாங்குது.” பிறகு, “நான்தானே அண்ணா ஆவின்னு சொன்னேன்?” என்றார்.

“தமிழ்ல அதுக்கு வேற என்ன வார்த்தை இருக்குன்னு எனக்கும் தெரியல தம்பி” என்றேன். அவர் அழுதார். அழுது முடியும் வரை போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

அதற்குப் பின் கேப்டன் ஒரு ஏற்பாடு செய்தார். தமிழ் ஆட்கள் ஏறினால் நான்தான் எழுந்து நின்று பேச வேண்டும். ஸ்டீம், ஆவி, லேஸ் எதையும் சொல்லவில்லை. “விஷப் புகை. மூச்சு இழுத்தா நெஞ்சு வெந்துரும்” என்று மட்டும் சொன்னேன். பிறகு ஒருவரைக் காட்டி, “நான் என்ன சொன்னேன்? நீங்க சொல்லுங்க” என்று கேட்டேன்.

படகு வேலைக்கு வரும் தம்பிகளுக்குச் சொல்ல என்னிடம் உள்ளது இவ்வளவுதான். ஆட்கள் தலையாட்டினால் புரிந்தது என்று விட்டுவிடாதீர்கள். திருப்பிச் சொல்ல வையுங்கள். கூச்சம் இருந்தாலும் கேளுங்கள்.

குழம்பு கடலுக்கு வருவது நின்ற பிறகு நான் ஃப்ரீமான்ட் திரும்பி, பட்டறை வேலைக்கே வந்துவிட்டேன். அக்கா சமையலறையில் ரசம் கொதித்து ஆவி மூடியைத் தூக்கினால் நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன். அக்கா ஜன்னலைத் திறந்து வைக்கிறாள்.

ஃப்ரீமான்ட்,
2024 நவம்பர் 9, சனிக்கிழமை.