மகளின் கப்பல் சவானாவுக்கு வந்த நாள்

கனடாவின் அஜக்ஸிலிருந்து அமெரிக்காவின் சவானாவுக்கு இரண்டு நாள் கார் ஓடிப் போனோம், நானும் மனைவியும். எங்கள் மகள் சரக்குக் கப்பலில் அதிகாரி. அன்று பின்னேரம் அவளுடைய கப்பல் அந்தத் துறைமுகத்துக்கு வருகிறது. கரைக்கு இறங்க அவளுக்கு நேரமில்லை. ஆனால் கப்பல் ஊரை ஒட்டிய ஆற்றால்தான் போகும், கரையில் நின்றே பார்க்கலாம் என்று சொல்லியிருந்தாள்.

அவள் கப்பல் படிப்புக்குப் போகிறேன் என்றபோது நான் ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சமல்ல. ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கலியாண வீடுகளில் யாராவது கேட்டால், "மகள் ஷிப்பிங் ஒஃபிஸில வேலை" என்று புளுகுவேன். வெட்கக்கேடு! நினைத்தால் இன்றைக்கும் என்மேலேயே எனக்கு ஆத்திரம் வரும். அப்பா தனக்காகக் கரையில் வந்து நிற்பதை அவள் ஒருமுறை கண்ணால் காண வேண்டும். அதற்குத்தான் அவ்வளவு தூரம் ஓடினேன்.

காலையில் ஊரைச் சுற்றினோம். மரங்களில் சடைசடையாகத் தொங்கிய பாசியை மனைவி விடாமல் படமெடுத்தாள். பழைய பருத்திக் கிடங்குகளில் இப்போது ஐஸ்கிறீம் விற்கிறார்கள். ஆற்றங்கரையில், காலடியில் அறுந்த சங்கிலியோடு நிற்கும் கறுப்பினக் குடும்பத்தின் சிலைக்கு முன்னால் மட்டும் மனைவி கமராவைக் கீழே இறக்கினாள். பிறகு நான் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து நடந்தேன்.

"மெதுவாப் போங்கோவன். கப்பல் என்ன பறந்தே போகப்போகுது?" என்றாள் மனைவி.

நாலு மணிக்குக் கப்பல் வந்தது. அம்மாடி, எதிர்க்கரையே மறைந்துபோனது! பின்தளத்தில் செம்மஞ்சள் உடுப்போடும் தலைக்கவசத்தோடும் ஐந்து பேர்.

"அந்தா நிக்கிறாள்! இடுப்பில கை வச்சிருக்கிற விதத்தைப் பாருங்கோ, அப்படியே நீங்கள்தான்!"

நான் இரண்டு கையையும் ஆட்டினேன். "பிள்ளை! இஞ்ச பார், அப்பா வந்திருக்கிறன்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கரையில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். அவள் திரும்பவில்லை. வோக்கிடோக்கியில் ஏதோ சொன்னாள், தடித்த ஆண்கள் கப்பலைக் கட்டும் கயிற்றுப் பக்கம் ஓடினார்கள். ஒருவன் கயிற்றுச் சுருளுக்குள் காலை வைக்கப் போனான். அவள் கையை உயர்த்தியதும் சட்டென்று விலகினான். அந்தக் கயிறு இறுகினால் காலையே கொண்டுபோய்விடும்.

கப்பல் ஆற்றுப் பாலத்தைக் கடந்தது. பக்கத்தில் நின்ற வெள்ளைக்கார அம்மா ஒருவர் பாவப்பட்டுக் கேட்டார், "உங்கள் மகளா? உங்களைக் காணவில்லையோ?"

"இல்லை," என்றேன். "அவளை நம்பி அங்கே நாலு பேர் நிற்கிறார்கள்."