மெழுகு போகக் கூடாது

அந்த வெள்ளைக் காரை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. காரைப் பார்த்தால் மனுஷனுக்கு ஏறிப் போகத்தானே ஆசை வரும்? எனக்கோ அது எங்கள் வாசலில் நின்ற நாளெல்லாம் வீட்டுக்குள் பாம்பைக் கூடையில் வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்தியதுபோல் இருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. பெரியநாயக்கன்பாளையத்தில் எங்களுக்கு ஒரு பட்டறை. முன்னால் பட்டறை, பின்னால் வீடு. ரெண்டு லேத்து, ஒரு கிரைண்டிங் மெஷின். என் வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து ஆரம்பித்தது. பிரிவினை வந்தபோது என் மாமியார், நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன், ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "பட்டறை சின்னவனுக்கு இருக்கட்டும். பெரியவன் எங்க போனாலும் பொழைச்சுக்குவான்." பெரிய மகனைப் பெருமையாகச் சொல்வதாகத்தான் அவர் நினைத்தார். அண்ணன்காரருக்கோ அது வெளியே போடா என்று காதில் விழுந்துவிட்டது. டவுனுக்குப் போனார், மோட்டார் வியாபாரத்தில் நன்றாகவே பிழைத்தார், கார் வாங்கினார். அம்மாவிடம் பேசுவதை மட்டும் விட்டுவிட்டார். வருஷம் மூன்றாகியும் அம்மா என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை.

தம்பியிடமும் பேச்சில்லாமல்தான் இருந்தது. சொந்தத்தில் ஒரு ஒரம்பரைக் கல்யாணத்தில் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார நேர்ந்து, ரசம் நன்றாயிருக்கிறது என்று ஆரம்பித்து எப்படியோ பேசிக்கொண்டார்கள். அப்புறம் அண்ணன்காரர் குடும்பத்தோடு காசிக்குக் கிளம்பினார். அவருடைய வீதியில் சாக்கடைக்காகக் குழி தோண்டிப் போட்டிருந்தார்கள், காரை நிறுத்த இடமில்லை. நேரே எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டார். என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணன் தன்னை நம்பி வண்டியை விடுகிறாரே!

வந்தவர் வீட்டுக்குள் வரவில்லை. அத்தை சமையலறை வாசப்படியில் மோர்ச் சொம்போடு நின்றுகொண்டே இருந்தார். அண்ணன்காரர் காரைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், என்னையும் பார்த்து "நல்லாருக்கியா அம்மணி" என்றார். அந்தப் பக்கம் மட்டும் கண் போகவில்லை.

"வண்டி நெழல்ல நிக்கட்டும். ஃபாரின் மெழுகு போட்டிருக்கேன், என்ற கையால நானே தேச்சது. கவர் கிவர் போட்டு மூடிப்போடாதீங்க, ஒரசும். என்ன ஆனாலும் மெழுகு மட்டும் போகப்படாது."

சொல்லிவிட்டு என்னிடம் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டார். குடிக்கத்தான் என்று நினைத்து நீட்டினேன். கார் மூஞ்சியில் ஊற்றினார். தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு உருண்டு ஓடியது. "பாத்தியா? மெழுகு இருந்தா தண்ணி நிக்காது. போயிருச்சுன்னா அப்பிக்கும்." தினமும் காலையில் இப்படி ஊற்றிப் பார்ப்பாராம். ஊர் உலகத்தில் பல் விளக்கியதும் சாமி கும்பிடுவார்கள், இவர் காருக்கு அபிஷேகம் செய்வார் என்று நான் உள்ளே போய்ச் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு அப்புறம் நன்றாக அனுபவித்தேன்.

நிழல் வேண்டும் என்றதால் என் வீட்டுக்காரர் காரைப் பட்டறைச் சுவரை ஒட்டிய கூரைக்கடியில் நிறுத்தினார். சுவருக்கு அந்தப் பக்கம் கிரைண்டிங் மெஷின். மேலே ஒரு சன்னல். அந்தச் சன்னல் வழியாக இரும்புத்தூள் வெளியே மிதந்து வரும் என்பது எங்கள் ரெண்டு பேருக்கும் தெரியாதா என்ன? துணி காயப் போட்டால் எடுக்கும்போது உதறித்தான் எடுப்பேன். ஆனாலும் காரென்று வந்தபோது அது ஒருவருக்கும் தோன்றவில்லை. குருடிமலைப் பக்கமிருந்து பனி வேறு இறங்கிக்கொண்டிருந்தது.

ஒரு காலை கோலம் போடப் போனவள், காரைப் பார்த்துவிட்டு மாவுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன். வெள்ளைக் கார் முழுக்கப் பொடிப் பொடியாகச் செம்புள்ளி. அம்மை போட்டதுபோல. முந்தானையால் துடைத்தேன், போகவில்லை. நகத்தால் தொட்டேன், அசையவில்லை. "ஏனுங்க! இங்க வாங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் பல்குச்சியோடு ஓடி வந்தார்.

தடவிப் பார்த்தார். உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்றிருந்தது. அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"இரும்புத்தூளு. ஒட்டிப் பனியில துருப்புடிச்சுப்போச்சு."

"சொல்லிப் புரிய வெக்கலாமுங்க. உங்க அண்ணன்தானே."

"என்னத்தப் புரிய வெக்கறது? வேணும்னே மெஷினுக்குப் பக்கத்துல நிறுத்திப்போட்டான்னு நெனப்பாரு. இப்பத்தான் என்ற மூஞ்சியப் பாத்துப் பேசறாரு. இது ஒண்ணு போதும், செத்தாக்கூட வரமாட்டாரு."

சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் அதைச் சொன்னார். அத்தைக்குக் கேட்டிருக்கும். செத்தால் யார் வரமாட்டார், யார் செத்தால் என்பதெல்லாம் அந்த வீட்டில் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. தன் கொள்ளிக்குப் பெரியவன் வருவானா என்பதுதான் அத்தையின் மூன்று வருஷத்து யோசனையே.

அன்றைக்கே என் வீட்டுக்காரர் மெஷினை நிறுத்தினார். பெயின்டரைக் கேட்டார். பாலிஷ் காம்பவுண்டு போட்டுத் தேய்த்தால் புள்ளி போகும், மெழுகும் சேர்ந்து போகும் என்றார் அவர். மெழுகு போனால் ஒரு சொம்புத் தண்ணீரில் குட்டு வெளிப்பட்டுவிடும். கடைசியில் உக்கடத்தில் கார் சாமான் கடை வைத்திருந்த பாயிடம் போய் நின்றார். பாய் உள்ளேயிருந்து சோப்புக்கட்டியில் பாதி அளவுக்கு நீலமாக ஒன்றை எடுத்துக் கொடுத்தாராம். பிள்ளைகள் பொம்மை செய்வார்களே, அந்த மாதிரி பிசுபிசுவென்று இருந்தது. துபாயிலிருந்து மச்சினர் கொண்டுவந்ததாம். காருக்கென்றே உள்ள களிமண்ணாம்.

"நானே இன்னும் போட்டுப் பாத்ததில்லீங்க. அட்டையில என்ன எழுதியிருக்கோ அதும்படி செஞ்சுக்குங்க. வேற துண்டு என்றகிட்ட இல்லீங்க" என்று பாய் சொல்லியனுப்பியிருந்தார். மனுஷர் உண்மையைச் சொன்னதில் எனக்கிருந்த கொஞ்ச நம்பிக்கையும் போனது.

அட்டையில் இங்கிலீஷில் இருந்ததை நான்தான் படித்துச் சொன்னேன். உலர்ந்த பெயின்ட்டில் வைக்கக் கூடாது, எப்போதும் ஈரம் வழுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அழுத்தக் கூடாது. அழுக்கேறினால் மடித்து உள்பக்கத்தை வெளியே எடுக்க வேண்டும். கீழே விழுந்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டும், மண் ஒட்டிக் கீறிவிடும். மெதுவாகச் செய்தால் மெழுகுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. அந்தப் 'பெரிதாக' என்ற வார்த்தையை நான் அவரிடம் வாசிக்கவில்லை. அவர் இருந்த இருப்பில் அது ஒன்றுதான் குறைச்சல்.

ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு லீவு. வாளித் தண்ணீரில் ஒரே ஒரு ஷாம்பு பாக்கெட்டைக் கலந்தேன். சோப்புத்தூள் போட்டால் மெழுகை உரித்துவிடும் என்று அட்டையில் இருந்தது. நான் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க, அவர் களிமண்ணை உள்ளங்கையில் தட்டையாக்கி, ஒரு முழம் இடத்தில் முன்னும் பின்னும் இழுத்தார். முதலில் கரகரவென்று சத்தம். எனக்குப் பல் கூசியது. பெயின்ட்டே உரிகிறதோ என்று கண்ணை மூடிக்கொண்டேன். போகப் போகச் சத்தம் குறைந்தது. அப்புறம் சத்தமே இல்லை. துடைத்துவிட்டுப் பிளாஸ்டிக் கவருக்குள் கையை விட்டுத் தடவச் சொல்லியிருந்தது, சொரசொரப்பு மிச்சமிருந்தால் தெரியுமாம். தடவினேன். வழவழவென்று போனது. களிமண்ணைத் திருப்பிப் பார்த்தால் செங்கல் பொடி பூசினதுபோல இருந்தது.

இனிமேல்தான் பெரிய சோதனை. சொம்பைத் தூக்கினார். அவசரத்தில் பாதித் தண்ணீர் அவர் வேட்டியிலேயே கொட்டியது. மிச்சத்தை ஊற்றினார். முத்து முத்தாக உருண்டது. "நிக்குது அம்மணி, மெழுகு நிக்குது!" என்று அவர் சொன்னபோது குரல் உடைந்துவிட்டது. எனக்கும் அழுகை வந்தது. ஒரு காருக்கு!

பானெட், கூரை, டிக்கி, கதவு மூன்று. வெயில் ஏறுவதற்குள் அவ்வளவும் முடிந்தது. டிரைவர் பக்கத்துப் பின்கதவு ஒன்றுதான் பாக்கி. அத்தை தூரத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டே வரவில்லை. "நான் தொட்டா ஆகாதாக்கும்" என்று ஒருமுறை அவர் முனகியது காதில் விழுந்தது. பதில் சொல்ல எங்களுக்கு நேரமில்லை.

அப்போது பட்டறைக்குள் போன் அடித்தது. அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. களிமண் கையிலிருந்து நழுவி, மண் தரையில் பொத்தென்று விழுந்தது. எங்கள் தரை மண் தெரியாதா? பாதி இரும்புத்தூள். எடுத்துப் பார்த்தோம், முள்ளுமுள்ளாக ஒட்டியிருந்தது. போனில் அவருடைய அண்ணன்.

"வந்துபோட்டோம். நாளைக்குக் காலைல வாரேன் வண்டி எடுக்க."

அவர் போனை வைத்துவிட்டு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒரு கதவு முழுக்கச் செம்புள்ளி. கையில் ஒன்றுமில்லை. சுவரோரமாக அந்தக் கதவு மறையும்படி காரைத் திருப்பி நிறுத்துவோம் என்று நான் சொன்னேன். என்ன புத்தி பாருங்கள், ஓட்டுகிறவர் அந்தப் பக்கமாகத்தானே ஏறப் போகிறார்! அன்றைக்கு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நான் மாரியம்மனுக்கு மாவிளக்கு வேண்டிக்கொண்டேன்.

விடிந்ததும் போய்ப் பார்த்தோம். கதவில் ஒரு புள்ளி இல்லை.

அம்மன்தான் என்று கையைக் கூப்பிவிட்டேன். அவருக்கு மட்டும் என்னவோ உறுத்தியது. தண்ணீரை ஊற்றினார். முத்து வரவில்லை. தண்ணீர் கதவோடு கதவாக அப்பிக்கொண்டு படர்ந்து வழிந்தது. மெழுகு சுத்தமாகப் போயிருந்தது.

"நாந்தான் வெளக்குனேன்" என்று பின்னாலிருந்து அத்தையின் குரல். "புள்ளி இருந்தது போயிருச்சா? துருவுக்குப் புளிய மிஞ்சி என்ன இருக்குது? தொட்டா எண்ணெப் பிசுக்காட்டம் வழுக்குச்சு, அதையும் எடுத்துப்போட்டேன். குத்துவெளக்காட்டம் இருக்குது பாரு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்தியிருப்பேன். அந்த எண்ணெய்ப் பிசுக்கைக் காப்பாற்றத்தானே நாங்கள் உயிரை விட்டுக்கொண்டிருந்தோம்! ஆனால் அத்தையின் கையைப் பார்த்தேன். அவருக்கு விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும். புளி பட்டால் தீயாக எரியும். அதனால் எங்கள் வீட்டில் புளி கரைப்பதும் பித்தளை துலக்குவதும் என் வேலை. நான் வருவதற்கு முன்னால், இவர்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது, பெரியவர்தான் அம்மாவுக்குப் புளி கரைத்துக் கொடுப்பாராம். அத்தையின் விரல்கள் தக்காளியாகச் சிவந்திருந்தன.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அண்ணன்காரர் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தே வந்திருந்தார்.

"அம்மணி, ஒரு சொம்பு தண்ணி."

கொடுத்தேன். பானெட்டில் கொஞ்சம் ஊற்றினார். முத்து. தலையை ஆட்டிக்கொண்டார். டிக்கியில் கொஞ்சம். முத்து. என் வீட்டுக்காரர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணன்காரர் சுற்றிக்கொண்டு டிரைவர் பக்கம் வந்தார். பின்கதவில் ஊற்றினார்.

படர்ந்தது.

"இங்க என்ன பண்ணுனீங்க?" குரல் உயரவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று நான் நினைத்தேன். இனி இந்த மனுஷர் இந்த வாசல் மிதிக்கமாட்டார், எதற்கும்.

அவர் குனிந்து கதவைத் தடவினார். கைப்பிடியின் இடுக்கில் என்னவோ தென்பட்டது போல. நகத்தால் நெண்டி எடுத்தார். புளி நார், கோதோடு ஒரு துணுக்கு. விரலில் வைத்துப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார்.

பிறகு சமையலறை வாசப்படிக்குத் திரும்பினார். அத்தை கை ரெண்டையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நின்றார்.

"ஏம்மா," என்றார், "புளி பட்டா உனக்குக் கை எரியுமே?"

அத்தைக்கு உதடு துடித்தது. "எரியுதுதான் கண்ணு" என்றார்.

அவர் படியேறிப் போனார். முந்தானைக்குள்ளிருந்து அந்தக் கைகளை வெளியே இழுத்து, சொம்பில் மிச்சமிருந்த தண்ணீரை அதில் ஊற்றினார்.