முகூர்த்தம் தவறிய கல்யாணம்

மஸ்கெலியா நீர்த்தேக்கத்தில் மகளோடு உல்லாசப் படகில் போய்க்கொண்டிருந்தேன். இரண்டு மேடுகளுக்கு நடுவே நீர் ஒடுங்கி ஓடும் இடம் வந்ததும், படகோட்டி கரையோரம் ஒதுக்கி எஞ்சினை நிறுத்தினார். "அணைக் கதவு திறந்திருக்கு. கொஞ்சம் பொறுத்துப் போவம்" என்றார். பெட்ரோல் வாசனை அடங்க, ஈரச் சேற்றின் மணம் எழுந்தது.

எனக்கு எட்டு வயதில் இதே இடத்தில் இதே மணம். அன்று அப்பாவின் தங்கை செல்வம் அத்தைக்கு அக்கரைக் கோயிலில் கல்யாணம். கூறைச் சேலையோடு வள்ளத்தின் நடுவே அத்தை உட்கார்ந்திருந்தாள். அணைக் கதவு திறந்ததில் தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது.

வள்ளம் ஓட்டிய சிறிபால மாமா, "இப்ப போனா பெரண்டுரும்" என்று கரையில் கட்டிவிட்டார்.

"முகூர்த்தம் போயிருமே!" அப்பா பதறினார்.

"போனா போகட்டும்ண்ணே. நாம போயிட்டா திரும்பி வருவமா?" என்றாள் அத்தை.

இறங்கி உட்கார்ந்தோம். சீர்த்தட்டு அதிரசத்தை முதலில் எடுத்துக் கடித்தவள் அத்தைதான். வெகுநேரம் கழித்து, கரையைச் சுற்றி ஓடிவந்தார் மாப்பிள்ளை. முழங்கால் வரை சேறு. எங்களைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டதென்று பயந்திருக்கிறார். அத்தை அவர் கையிலும் ஓர் அதிரசம் வைத்தாள்.

தண்ணீர் அடங்கியதும் ஒரே வள்ளத்தில் போனோம். தாலி கட்டும்போது மதியம் தாண்டிவிட்டது.

கதையைக் கேட்ட மகள் உடனே அத்தைக்குப் போன் போட்டாள். "பாட்டி, அன்னைக்கு தாத்தா வரட்டும்னுதான் காத்திருந்தீங்களா?"

"அவருக்காக யாரு காத்திருந்தா? தண்ணி அடங்கத்தான்!" என்றாள் அத்தை.

அவளுக்குப் பின்னால், அன்று சேற்றோடு ஓடிவந்த மாமா சிரிப்பது எனக்கும் கேட்டது.