தார் வாளிக்கு முன்னால் நின்றவர்

தெலுங்கருக்கும் தமிழருக்கும் எல்லைத் தகராறு நடந்த சமயம். புத்தூரில், போரில் இறந்தவர்களுக்காக வைத்திருந்த கல் சிப்பாயின் காலடியில் பூ வைத்துக்கொண்டிருந்தேன். அங்கே தமிழில் செதுக்கிய பெயர்களில் என் அண்ணன் பெயரும் ஒன்று.

தமிழ் எழுத்துகளைத் தார் பூசி அழித்துக்கொண்டு வந்த கும்பல் என்னைச் சூழ்ந்தது. "தப்புகோ!" என்று விலகச் சொல்லி ஒருவன் வாளியை ஓங்கினான். கல் சிப்பாயைக் கட்டிக்கொண்டேன்.

எதிரே வெற்றிலை விற்ற தெலுங்குக்கார அம்மா ஓடிவந்து குறுக்கே நின்று கல் சிப்பாயைக் காட்டினார். "வாடு நா கொடுகுரா! அவன் என் புள்ளடா! என் புள்ள மேல தார் ஊத்துவியா?"

கும்பல் முணுமுணுத்தபடி விலகியது.

"இதுல உங்க மகன் பேரு எதும்மா?" என்று கேட்டேன்.

"எந்தக் கல்லுலயும் இல்லம்மா. சண்டைக்குப் போனவன் வரல. தெனம் இவனத்தான் என் புள்ளயா பாத்துக்கினு இருக்கேன்."

பயமில்லாதவர்கள்தான் குறுக்கே வந்து நிற்பார்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். என் தோளைப் பிடித்திருந்த அவர் கை என்னைவிட மோசமாக நடுங்கிக்கொண்டிருந்தது.