நாற்காலியோடு வருபவர்

வாய்மை என்னும் அறத்துக்கு இந்நகரில் முழங்கால் வலி உண்டு. அது மடக்கு நாற்காலியொன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, கைப்பிடிச் சுவரைப் பற்றிப் பற்றி மூன்றாம் மாடி ஏறுகிறது. கதவைத் தட்டுமுன் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடேற்றிக்கொள்கிறது. “சில்லுன்னு தொட்டா, எமன்தான் வந்துட்டான்னு பயந்துடுவாங்க.”

நாற்காலி அக்கா என்பதே அவருக்கு வழங்கும் பெயர். முப்பதாண்டு மருத்துவமனை ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர். இனி மருந்தில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டோரின் கட்டிலருகே, வாரம் இருமுறை, இரண்டிரண்டு மணி நேரம் துணையிருக்கும் பதினொரு தொண்டர்க்கு அவரே தலைவி. அந்த இரண்டு மணியில்தான் நோயாளியின் மனைவியோ மகளோ கடைக்குப் போவாள். அல்லது அடுத்த அறையில் கட்டையாய்க் கிடந்து உறங்குவாள். நோய் புகுந்த வீட்டில் நாற்காலிகளின்மேல் துணியும் மருந்துப் புட்டிகளும் குடியேறிவிடுகின்றன. அதனாலேயே அவர் தம்முடையதைச் சுமக்கிறார். “நின்னுக்கிட்டே பேசினா, இவ கிளம்பப் போறான்னு தெரிஞ்சுடும். உக்காந்தாத்தான் வாயத் திறப்பாங்க.” நேரம் பார்ப்பது நோயாளியின் கண்ணில் படலாகாதென்று, கைக்கடிகாரத்தின் முகத்தை மணிக்கட்டின் உட்புறம் திருப்பிக் கட்டியிருப்பார்.

மூன்றாம் மாடியில் கிடப்பவர் பழைய பேருந்து நடத்துநர். “அக்கா, எனக்கு இன்னும் எத்தனை ஸ்டாப்பு?”

“என்னைக் கேட்டா? நீங்க விசில் அடிச்சாத்தானே வண்டியே நகரும்!”

எலும்பாய்ப் போன மார்பு குலுங்க அவர் சிரிப்பார்; சிரிப்பு இருமலாகும்; அக்கா முதுகைத் தாங்கிக்கொள்வார்.

தொண்டர்க்கு ஊதியமில்லை. பேருந்துக் கட்டணமும் கையுறையும் ஓர் அறக்கட்டளையின் நல்கையிலிருந்து வந்தன. அவர்களுட் பலர் அந்தக் கட்டணமின்றித் தெருமுனையைத் தாண்ட இயலாதவர். இவ்வாண்டு நல்கையைப் புதுப்பிக்க வந்த படிவத்தில் ஒரு கட்டம் புதிதாய் முளைத்திருந்தது: ‘உதவியால் நலம் பெற்றோர் எண்ணிக்கை.’

தொண்டருள் ஒருவரான தட்டச்சு ஐயா வழி சொன்னார். “நாப்பதுன்னு போடுங்கக்கா. யாரு வந்து கட்டில் கட்டிலா எண்ணப் போறான்?”

“செத்தவங்களத் தேறிட்டாங்கன்னு எழுதவா? நாளைக்கு அந்த வீட்டு வாசல்ல எந்த மூஞ்சியோட நிப்பேன்?”

“எழுதலைன்னா வாசலுக்கே போக முடியாதேக்கா.”

அக்கா அந்தக் கட்டத்தில் பேனாவை வைத்தார். ‘எவருமிலர்’ என்று எழுதினார். பிறகு அடிக்கோல் வைத்து, படிவத்தில் இல்லாத கட்டமொன்றைத் தாமே அதன்கீழ் வரைந்தார்: ‘யாருமற்றுத் தனியே இறந்தோர்.’ அதற்கு நேரேயும் ‘எவருமிலர்’ என்றே எழுதினார்.

ஆறாம் வாரம் மறுமொழி வந்தது. அளவிடத்தக்க முன்னேற்றம் காணப்படாததால் நல்கை இல்லையாம். தாம் வரைந்த கட்டத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லையென்பதை அக்கா இருமுறை படித்து உறுதி செய்துகொண்டார்.

தொண்டர் வருகை நின்றுபோன வீடுகள் முப்பத்தொன்று. அவற்றுள் ஒன்று அக்காவுடையது. பக்கவாதத்தால் நான்காண்டாய்ப் படுக்கையிலிருக்கும் கணவரருகே தட்டச்சு ஐயா வந்து அமர்ந்த பின்பே அக்காவால் படியிறங்க முடிந்தது. ஐயாவின் வீடோ இரண்டு பேருந்துத் தொலைவு.

“நடந்தாவது வந்துடறேன்க்கா.”

“உங்க இடுப்ப வெச்சுக்கிட்டா? அப்புறம் உங்க பக்கத்துல உக்கார ஆளுக்கு நான் எங்க போவேன்?”

இருவரும் சிரித்தனர்.

கடைசி நாளன்று அக்கா நடத்துநர் வீட்டிலிருந்து வெறுந்தோளோடு புறப்பட்டார். நடத்துநரின் மனைவி கதவுவரை ஓடிவந்தாள். “அக்கா, நாற்காலிய மறந்துட்டீங்க!”

“மறக்கலம்மா, விட்டுட்டுத்தான் போறேன். யாராச்சும் எட்டிப் பாத்தா, நின்னுக்கிட்டே போயிடக் கூடாது.”

கட்டிலின் தலைமாட்டில், அமரத் தக்கவாறு அது விரிந்தே இருந்தது. அக்கா சுவரைப் பற்றிப் பற்றி இறங்கினார். தம் வீட்டினின்று இனி வெளியேற வழியில்லாத அந்த அக்காவின் கதவை ஒரு கை தட்டுவதாக. அந்தக் கை வெதுவெதுப்பாய் இருப்பதாக. தட்டியவர் உள்ளே வந்து அமர்வாராக.